மனச்சோர்வு நீக்கிகளுடன் விழிப்பூட்டி மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சையின் வரலாறு

மனச்சோர்வு நோய்க்கான மருந்தோடு, பகல் தூக்கத்தையும் அசதியையும் போக்கி விழிப்பைத் தரும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது உளமருத்துவத்தில் உள்ள கூட்டு மருந்து முறைகளுள் ஒன்றாகும். ஆம்பெட்டமைன், மெத்தில்பெனிடேட், மொடாபினில் ஆகியவை இவ்வாறு சேர்க்கப்பட்ட முக்கியமான விழிப்பூட்டி மருந்துகள். இவற்றுள் ஆம்பெட்டமைன், மனச்சோர்வு நீக்கிகள் தோன்றுவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. நார்கோலெப்சி எனும் தூக்க நோயில் இந்தக் கூட்டு 1960-களிலிருந்தே நிலைபெற்றுவிட்டது. மனச்சோர்வு நோயிலோ ஒவ்வொரு தலைமுறையும் இதை நம்பிக்கையோடு தொடங்கியது. ஆய்வு பெரிதாகப் பெரிதாக அந்த நம்பிக்கை சுருங்கியது.

பின்னணி

மனச்சோர்வு என்பது துயரம் மட்டுமன்று. எழுந்திருக்க மனமின்மை, உடல் அசதி, கவனக் குறைவு, தூக்கம் கெடுதல் அல்லது அளவுக்கு மீறித் தூங்குதல் ஆகியவையும் அதன் அறிகுறிகள். மருந்து உட்கொண்டபின் துயரம் குறைந்தாலும் அசதி பலரிடம் தங்கிவிடுகிறது. புளுவாக்செட்டின் மருந்தால் நன்கு தேறிய 215 பேரிடம் மீதமிருந்த அறிகுறிகளை ஆராய்ந்து 1999-இல் ஓர் ஆய்வு வெளியானது. 44 விழுக்காட்டினருக்குத் தூக்கக் குறையும் 38 விழுக்காட்டினருக்கு அசதியும் நீடித்ததாக அது தெரிவித்தது. இவர்கள் மருந்து பலனளித்தவர்கள் என்று கணக்கில் எழுதப்பட்டவர்கள். ஆனால் வேலைக்குத் திரும்ப முடியாமல் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் ஒருவர் தம்மைக் குணமடைந்தவராக எண்ணுவதில்லை. விழிப்பூட்டி மருந்தைச் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் திரும்பத் திரும்ப எழுந்ததற்கு இதுவே காரணம்.

ஆம்பெட்டமைன் காலம்

ஆம்பெட்டமைனை 1887-இல் பெர்லினில் முதன்முதலாகத் தயாரித்தவர் உருமேனிய வேதியியலாளர் லசார் எடெலியானு. அதற்கு அப்போது பயன் எதுவும் காணப்படவில்லை. 1920-களின் இறுதியில் அமெரிக்காவின் கார்டன் ஆலஸ் அதை மீண்டும் தயாரித்துத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு நிறுவனம் அதை பென்செட்ரின் என்ற பெயரில் விற்றது. மூக்கடைப்புக்கு முகரும் மருந்தாகத் தொடங்கிப் பின்னர் மாத்திரையாக வந்தது.

1935-இல் மைரன் பிரின்ஸ்மெட்டல், வில்பிரட் புளூம்பெர்க் ஆகியோர் நார்கோலெப்சி நோயாளிகளுக்கு பென்செட்ரின் கொடுத்து அதன் பலனை அறிவித்தனர். அதுவரை அந்நோய்க்கு எபெட்ரின் கொடுக்கப்பட்டு வந்தது. புதிய மருந்து அதைவிட வலிமையானது. அடுத்த ஆண்டே பாஸ்டன் உளமருத்துவர் ஏப்ரகாம் மையர்சன், மனநிலையிலும் களைப்பிலும் பென்செட்ரின் ஏற்படுத்தும் மாற்றங்களைப் பற்றி எழுதினார். எதிலும் மகிழ்ச்சி காணாத நிலையே மனச்சோர்வின் மையம் என்று கருதியவர் அவர். ஊக்கம் திரும்பினால் மனமும் திரும்பும் என்பது அவர் வாதம். விழிப்பைத் தரும் மருந்தே மனச்சோர்வையும் தீர்க்கும் என்ற கருத்து இவ்வாறு வேர்விட்டது.

இரண்டாம் உலகப் போரில் பல நாட்டுப் படையினருக்கும் ஆம்பெட்டமைன் வகை மருந்துகள் தரப்பட்டன. போருக்குப் பின் மனச்சோர்வுக்கான மாத்திரையாக அது பெருமளவில் விற்பனையானது. அதனால் உண்டாகும் படபடப்பைத் தணிக்க, டெக்ஸ்ட்ரோஆம்பெட்டமைனோடு அமோபார்பிட்டால் எனும் அமைதியூட்டியைச் சேர்த்து டெக்சாமில் என்ற கூட்டு மாத்திரை 1950-இல் வெளிவந்தது. பிரிட்டனில் இதே கூட்டு டிரினாமில் எனப்பட்டது. ஊக்கியின் குறையை இன்னொரு மருந்தால் ஈடுசெய்யும் முயற்சி இது.

1962-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உற்பத்தியாளர்களிடம் எடுத்த கணக்கின்படி, அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 80,000 கிலோ ஆம்பெட்டமைன் உப்புகள் தயாராயின. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 43 மாத்திரைகள். பழக்க அடிமைத்தனம், நெடுநாள் உட்கொண்டோருக்கு ஏற்பட்ட மனப்பிறழ்வு ஆகியவை வெளிப்படத் தொடங்கியதும் இதே காலத்தில்தான்.

மனச்சோர்வு நீக்கிகளின் வருகை

1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுக்கப்பட்டபோது அவர்கள் வழக்கத்தை மீறிய உற்சாகம் காட்டினர். 1957-இல் நேத்தன் கிளைன் குழுவினர் அதை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். கிளைன் அதை உள ஆற்றலூட்டி என்றே குறிப்பிட்டார். மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகளில் இது முதலாவது.

ஏறத்தாழ அதே நேரத்தில் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன், கைகி நிறுவனத்தின் இமிப்ரமினை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1957 செப்டம்பரில் சூரிக் நகரில் நடந்த உலக உளமருத்துவ மாநாட்டில் அவர் தம் முடிவுகளை அறிவித்தபோது அரங்கில் இருந்தவர்கள் ஒரு டசன் பேர் அளவே. மூவளைய மனச்சோர்வு நீக்கிகள் என்ற வகை இமிப்ரமினிலிருந்து தொடங்கியது.

இமிப்ரமின் விழிப்பூட்டவில்லை. உட்கொண்ட அன்று அசதியும் நாவறட்சியுமே தெரிந்தன. சில வாரங்கள் சென்றபின்தான் மனநிலை மாறியது. ஆம்பெட்டமைனோ ஒரு மணி நேரத்தில் ஊக்கம் தந்து மாலைக்குள் வடிந்துவிடும். ஒன்று வேகம், மற்றொன்று ஆழம்; இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

இரத்த அழுத்தமும் பாலாடைக்கட்டியும்

முதல் பாடம் கசப்பானது. மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பிகளை உட்கொண்டோரிடம் திடீர் இரத்த அழுத்த உயர்வும் மண்டையைப் பிளக்கும் தலைவலியும் மூளை இரத்தக் கசிவும் 1960-களின் தொடக்கத்தில் பதிவாயின. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பணியாற்றிய பாரி பிளாக்வெல், இத்தலைவலிக்கும் பாலாடைக்கட்டிக்கும் உள்ள தொடர்பை 1963-இல் லான்செட் இதழில் எழுதினார். தம் மனைவிக்குப் பாலாடைக்கட்டி உண்ட பிறகு இத்தகைய தலைவலி வந்ததை ஒரு மருந்தாளுநர் கடிதம் மூலம் தெரிவித்தது அவருக்கு வழிகாட்டியது.

பாலாடைக்கட்டியில் உள்ள டைரமினை உடல் வழக்கமாக அந்த நொதியைக் கொண்டே சிதைக்கிறது. நொதி தடைபட்டால் டைரமின் அப்படியே இரத்தத்தில் சேர்ந்து, நரம்பு முனைகளில் தேங்கியுள்ள நார்அட்ரினலினை வெளியேற்றுகிறது. இரத்த அழுத்தம் எகிறுகிறது. ஆம்பெட்டமைன் செய்வதும் நார்அட்ரினலினை வெளியேற்றுவதே. எனவே இவ்விரு மருந்துகளும் சேர்ந்தால் பாலாடைக்கட்டி இல்லாமலேயே அதே விபரீதம் நேரலாம். இக்கூட்டினால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. இவ்விரண்டையும் சேர்த்துத் தரக்கூடாது என்ற எச்சரிக்கை மருந்துக் குறிப்புகளில் இடம்பெற்றது, இன்றும் உள்ளது.

நார்கோலெப்சியில் கண்ட வெற்றி

இக்கூட்டு தெளிவான பலன் தந்தது வேறொரு நோயில். நார்கோலெப்சி என்பது பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய். 1880-இல் பிரெஞ்சு மருத்துவர் கெலினோ இப்பெயரை இட்டார். நோயாளிகளுள் பலருக்குச் சிரிக்கும்போதோ வியக்கும்போதோ தசைகள் திடீரெனத் தளர்ந்துபோகும். முழங்கால் மடங்கும், தலை தொங்கும், சிலர் விழுந்தே விடுவர். ஆனால் நினைவு தப்பாது. இது கேட்டப்ளெக்ஸி எனப்படும்.

ஆம்பெட்டமைனும் மெத்தில்பெனிடேட்டும் தூக்கத்தைக் குறைத்தன. கேட்டப்ளெக்ஸியை அவ்வளவாகக் கட்டுப்படுத்தவில்லை. 1960-இல் ஜப்பானைச் சேர்ந்த அகிமோட்டோ, ஹோண்டா, தகஹாஷி ஆகியோர் இமிப்ரமின் கேட்டப்ளெக்ஸியைத் தடுப்பதாக அறிவித்தனர். கனவு காணும் தூக்க நிலையில் உடல் தசைகள் இயல்பாகவே செயலற்றிருக்கும். அந்தச் செயலின்மை விழிப்புக்குள் நுழைவதே கேட்டப்ளெக்ஸி. மனச்சோர்வு நீக்கிகள் கனவுத் தூக்கத்தை அடக்குவதால் அதையும் அடக்குகின்றன.

இதன்பின் பகல் தூக்கத்துக்கு ஒரு விழிப்பூட்டியும் கேட்டப்ளெக்ஸிக்கு ஒரு மனச்சோர்வு நீக்கியும் என்பது வழக்கமான மருத்துவமாயிற்று. பின்னாளில் இமிப்ரமினின் இடத்தில் குளோமிப்ரமினும் வென்லாபாக்சினும், ஆம்பெட்டமைனின் இடத்தில் மொடாபினிலும் வந்தன. கூட்டின் அமைப்பு மாறவில்லை. மனச்சோர்வு நீக்கியைத் திடீரென நிறுத்தினால் கேட்டப்ளெக்ஸி முன்னிலும் கடுமையாகத் திரும்பும் என்பதும் இங்கே கற்ற பாடம். இரு மருந்துகளும் இரு வேறு அறிகுறிகளைத் தனித்தனியே கவனித்ததே இந்த வெற்றிக்குக் காரணம்.

மெத்தில்பெனிடேட்

மெத்தில்பெனிடேட்டை 1944-இல் சிபா நிறுவனத்தின் லியாண்ட்ரோ பனிசோன் தயாரித்தார். அவர் மனைவியின் செல்லப் பெயரான ரீட்டா என்பதிலிருந்து ரிட்டலின் என்ற வணிகப் பெயர் வந்தது. 1971-இல் வார்ட்டன், பெரெல் உள்ளிட்டோர் இமிப்ரமினால் பலன் பெறாத மனச்சோர்வு நோயாளிகளுக்கு மெத்தில்பெனிடேட்டையும் சேர்த்துக் கொடுத்து முன்னேற்றம் கண்டதாக எழுதினர். மெத்தில்பெனிடேட் கல்லீரலில் இமிப்ரமின் சிதைவதைத் தடுப்பதால், அதே அளவு மாத்திரையிலேயே இரத்தத்தில் இமிப்ரமினின் அளவு உயர்வதாக அவர்கள் கண்டனர். நோயாளி தேறியது ஊக்கியாலா, இமிப்ரமின் மிகுந்ததாலா என்ற கேள்வி அதனால் எழுந்தது. ஒரு கூட்டு பலன் தந்தது என்பதால் இரு மருந்துகளும் தனித்தனியே உதவின என்று கொள்ள முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அதே ஆண்டில் ஆம்பெட்டமைனும் மெத்தில்பெனிடேட்டும் அமெரிக்காவில் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. ஐக்கிய நாடுகளின் உளவியல் மருந்துகள் உடன்படிக்கையும் 1971-இல் உருவானது. பிரிட்டன் 1964-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது. ஊக்கிகள் மனச்சோர்வு மருத்துவத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

ஆயினும் எந்த மருந்துக்கும் தேறாத நோயாளிகளை வைத்திருந்த சில மருத்துவர்கள் அவற்றை விடவில்லை. 1985-இல் ஜான் பெய்க்னர் குழுவினரும் 1991-இல் ஜான் பாசெட் குழுவினரும், தடைசெய்யப்பட்டதாகக் கருதப்பட்ட மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பி, ஊக்கி ஆகிய கூட்டையே மிகக் குறைந்த அளவில் தொடங்கி நெருங்கிய கண்காணிப்பில் கொடுத்து, சிலருக்குப் பலன் கிட்டியதாகப் பதிவு செய்தனர். இவை ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு பதிவுகள். மற்ற வழிகளெல்லாம் அடைபட்டவர்களுக்கான கடைசி முயற்சி என்ற அளவிலேயே இவற்றைக் கொள்ள வேண்டும்.

மொடாபினில்

பிரான்சின் லாபோன் ஆய்வகம் 1970-களில் அட்ராபினில் என்ற மருந்தை உருவாக்கியது. உடலில் அது மாறி உண்டாகும் பொருளே மொடாபினில். கனவுத் தூக்க ஆய்வில் புகழ்பெற்ற லியோன் நகரின் மிஷேல் ஜூவே அதை நார்கோலெப்சி நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1988-இல் முடிவுகள் வெளியாயின. 1990-களின் தொடக்கத்தில் பிரான்சிலும் 1998 டிசம்பரில் அமெரிக்காவிலும் நார்கோலெப்சிக்காக அது அனுமதி பெற்றது. அமெரிக்காவில் செபலான் நிறுவனம் புரோவிஜில் என்ற பெயரில் விற்றது. 2004-இல் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயால் வரும் பகல் தூக்கத்துக்கும், இரவுப் பணியால் வரும் தூக்கக் கேட்டுக்கும் அனுமதி விரிவாக்கப்பட்டது.

ஆம்பெட்டமைனைப்போல் படபடப்போ பெரும் அடிமைத்தனமோ தராத விழிப்பூட்டி என்று இது வரவேற்கப்பட்டது. மனச்சோர்வு மருத்துவர்களின் பழைய கேள்விக்குப் புதிய மருந்து கிடைத்தது. 2000-இல் மேத்யூ மென்சா குழுவினர், மனச்சோர்வு நீக்கியோடு மொடாபினில் சேர்க்கப்பட்ட ஏழு நோயாளிகளின் பதிவை வெளியிட்டனர். ஏழு பேருமே ஓரிரு வாரங்களில் முழுமையாகவோ பகுதியாகவோ தேறியிருந்தனர்.

ஏழு பேரில் தெரிந்த பலன் பெருந்தொகையினரிடம் தெரிகிறதா என்பதே அடுத்த சோதனை. 2003-இல் சார்லஸ் டீபட்டிஸ்டா குழுவினர் 136 பேரிடம், மருந்து உட்கொள்வோரையும் மருந்துப்போலி உட்கொள்வோரையும் ஒப்பிட்டு ஆறு வார ஆய்வை வெளியிட்டனர். முதல் வாரத்தில் தூக்கமும் இரண்டாம் வாரத்தில் அசதியும் மொடாபினில் பெற்றவர்களிடம் தெளிவாகக் குறைந்தன. ஆறாம் வாரத்திலோ இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்துப்போலி பெற்றவர்களும் மெல்ல அதே இடத்துக்கு வந்திருந்தனர். 2005-இல் மௌரிசியோ பாவா குழுவினர் 311 பேரிடம் செய்த எட்டு வார ஆய்வில், மருத்துவரின் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் முன்னேற்றம் தெரிந்தது. மனச்சோர்வு அளவுகோலில் வேறுபாடு உறுதியாக அமையவில்லை.

மனச்சோர்வு நீக்கியைத் தொடங்கும் நாளிலேயே மொடாபினிலையும் தொடங்கினால் என்ன என்று போடி டன்லப் குழுவினர் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. 73 பேர் சேர்ந்த நிலையில் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. மொடாபினில் பெற்றவர்களுள் இருவருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றியதே காரணம். அது மருந்தால் வந்ததா நோயால் வந்ததா என்பதை இரண்டே பேரைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. ஆனால் துயரம் தீருமுன் ஊக்கம் மட்டும் திரும்புவது ஆபத்து என்பது உளமருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த அச்சம்.

2013-இல் கோஸ் குழுவினர் ஆறு ஆய்வுகளைத் தொகுத்து 910 பேரின் தரவுகளை ஆராய்ந்தனர். மொடாபினில் சேர்ப்பதால் மனச்சோர்விலும் அசதியிலும் சிறிதளவு பலன் இருப்பதாக முடிவு சொன்னது. இவை பெரும்பாலும் சில வார ஆய்வுகள். மாதக்கணக்கில் அப்பலன் நிலைக்குமா என்பதற்கு அவை விடை தரவில்லை.

விற்பனையும் சட்ட நடவடிக்கையும்

ஆய்வு முடிவுகள் வருமுன்னரே விற்பனை முந்திக்கொண்டது. அனுமதி பெறாத பயன்களுக்கு மருந்துகளை விளம்பரப்படுத்தியதாக அமெரிக்க நீதித்துறை தொடர்ந்த வழக்கில், செபலான் 2008-இல் 425 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அவ்வழக்கில் இடம்பெற்ற மூன்று மருந்துகளுள் புரோவிஜில் ஒன்று. அசதி, சோர்வு, ஊக்கமின்மை ஆகியவற்றுக்கான மருந்தாக அது பரப்பப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 1950-களில் ஆம்பெட்டமைன் மனச்சோர்வு மாத்திரையாக விற்கப்பட்ட கதை இதில் ஓரளவு திரும்பி வந்தது எனலாம்.

பிற முயற்சிகள்

இருமுனை மனநோயின் சோர்வுக் கட்டத்திலும் இம்மருந்துகள் சோதிக்கப்பட்டன. 2007-இல் 85 பேரிடம் செய்த மொடாபினில் ஆய்வும், 2010-இல் 257 பேரிடம் செய்த ஆர்மொடாபினில் ஆய்வும் நம்பிக்கை தந்தன. அடுத்துவந்த மூன்று பெரிய ஆய்வுகளில் ஒன்றில் மட்டுமே பலன் உறுதியாயிற்று. 2013-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

லிஸ்டெக்சாம்பெட்டமைனின் கதையும் அதுவே. தொடக்கநிலை ஆய்வில் மனச்சோர்வு நீக்கியோடு சேர்ந்து பலன் காட்டிய அது, பின்வந்த இரு பெரிய ஆய்வுகளில் மருந்துப்போலியை விஞ்சவில்லை. ஷயர் நிறுவனம் 2014-இல் அதை நிறுத்தியது.

மாறான முடிவும் உண்டு. முதியோர் மனச்சோர்வில் ஹெலன் லாவ்ரெட்ஸ்கி குழுவினர் 143 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட 16 வார ஆய்வில், சிட்டலோபிராம், மெத்தில்பெனிடேட் ஆகிய இரண்டும் பெற்றவர்கள், ஏதேனும் ஒன்றை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினர். மூப்பில் மனச்சோர்வு நீக்கி பலன் தர நாளாகும். அதற்குள் படுக்கையிலேயே முடங்கினால் உடலும் நலியும். அத்தகையோருக்கு விரைந்து தேறுவதே பெரும்பலன்.

பாதுகாப்பு

மொடாபினில் கல்லீரலின் சில நொதிகளைத் தூண்டுகிறது, சிலவற்றைத் தடுக்கிறது. அதனால் குளோமிப்ரமின், சிட்டலோபிராம் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் உயரக்கூடும்; கருத்தடை மாத்திரையின் வலிமை குறையக்கூடும். அரிதாக உயிருக்கு ஆபத்தான தோல் ஒவ்வாமை ஏற்படுகிறது. கருவுக்குக் குறைபாடு நேரலாம் என்ற எச்சரிக்கையும் பின்னர் சேர்ந்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2010-இல் அதன் பயன்பாட்டை நார்கோலெப்சிக்கு மட்டும் என்று சுருக்கப் பரிந்துரைத்தது. மூளையில் டோபமின் அளவை மொடாபினிலும் உயர்த்துகிறது என்று 2009-இல் பத்துப் பேரிடம் எடுத்த மூளைப் படங்கள் காட்டின. ஆம்பெட்டமைனிலிருந்து முற்றிலும் வேறானது என்ற முதல் நம்பிக்கை அத்தோடு தளர்ந்தது.

இன்றைய நிலை

கனடாவின் மனநிலை நோய் மருத்துவர்கள் குழு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியில், மனச்சோர்வு நீக்கியோடு சேர்க்கத்தக்கவற்றில் மொடாபினில் இரண்டாம் நிலையிலும் பிற ஊக்கிகள் மூன்றாம் நிலையிலும் வைக்கப்பட்டன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவற்றுள் எதையும் மனச்சோர்வுக்கான கூட்டு மருந்தாக அனுமதிக்கவில்லை. அசதி பெரிதும் மீந்திருக்கும் சிலருக்கு மருத்துவரின் கண்காணிப்பில் சில காலம் தரப்படும் துணை மருந்து என்பதே இவற்றின் இடம். தாமாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளத்தக்க மருந்துகள் அல்ல இவை. அசதி நீடித்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை, தைராய்டு குறைபாடு, இரத்தசோகை ஆகியவை உள்ளனவா என்றும், மனச்சோர்வு நீக்கியே தூக்கத்தைத் தருகிறதா என்றும் முதலில் பார்ப்பது வழக்கம்.

ஏறத்தாழ 90 ஆண்டு வரலாறு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கியிருக்கிறது. விழித்திருப்பது வேறு, மனச்சோர்வு தீர்வது வேறு. நார்கோலெப்சி மருத்துவம் இதைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து, ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு மருந்து வகுத்தது. மனச்சோர்வு மருத்துவத்தில் முதலாவது இரண்டாவதையும் கொண்டுவரும் என்ற மையர்சன் காலத்து நம்பிக்கை, மருந்தின் பெயர் மாறும்போதெல்லாம் மீண்டும் தோன்றியது. அதே சமயம், தேறியவர் என்று எழுதப்பட்டும் எழ முடியாமல் கிடப்பவரின் குறை கற்பனையன்று. அதற்குப் போதிய மருந்து இன்னும் கிடைக்கவில்லை.